வண்டலூர் வண்டி, லால்பேட்டைச் சாலை

பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூரை நோக்கிப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்பது, இன்று அங்கே அடுக்குமாடியில் குடியிருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று அந்தக் கம்பெனிக்குப் பெயர். 1948-இல் தொடங்கியது. 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 1988-இல் நின்றுபோனது. அந்த ஆலையில் பிறந்த ஒரு நான்கு கதவு ஹெரால்டில், அந்த இடத்தைக் கடந்துதான் நாங்கள் லால்பேட்டைக்குப் புறப்பட்டோம். வண்டி நண்பருடையது. அவர் லால்பேட்டைக்காரர், நான் அவரை 'பாய்' என்பேன், அவர் என்னை 'அண்ணே' என்பார். சிங்கப்பூரில் பல வருடம் உழைத்துத் திரும்பிய அவருடைய அத்தா, சென்னையில் ஒரு டாக்டரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கிய வண்டி அது. அத்தா காலமான பிறகு வெகுநாள் தார்ப்பாய்க்குள் கிடந்ததை மகன் எழுப்பி ஓட்டுகிறார்.

ஹெரால்டைக் குடும்பக் கார் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட எனக்கு மனம் வராது. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்த இந்த வண்டியை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. மூன்று வருடம் கழித்து அதே அடித்தளத்தை எடுத்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான 91.5 அங்குலத்தை 83 ஆகக் குறைத்து, மேலே தாழ்வான இரண்டு இருக்கை உடலை வைத்தார்கள். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான் வந்தது. மேலுடல்தான் வேறு, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளும் புஷ்களும் ஒரே குடும்பம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இணைப்பு எவ்வளவு நன்றாக அமைந்திருந்தது என்றால், எடைக்குக் கணக்குப் பார்க்கும், லோட்டஸ் கார்களைச் செய்த காலின் சாப்மனே அந்த வகையைத்தான் தன் லோட்டஸ் எலானில் மாட்டினார். ஆகவே ஓர் ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரின் கால்கள் இந்தச் சாலையோரத்தில் வருடக்கணக்காகத் தயாராகின என்று சொன்னால் அதில் மிகை இல்லை. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது என்பதும் இங்கே சொல்ல வேண்டிய ஒன்று. சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன.

புறப்படுவதற்கு முன் பாய் போனட்டைத் திறந்து காட்டினார். ஹெரால்டின் போனட் மற்ற கார்களைப் போல மூடி மட்டும் திறப்பதில்லை. இரண்டு மட்கார்டுகளும் முகப்பு விளக்குகளும் சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். சஸ்பென்ஷனைப் படிக்க இதைவிட நல்ல வண்டி கிடையாது. மேலே ஒரு விஷ்போன், கீழே ஒரு விஷ்போன், நடுவில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். விஷ்போனின் வெளிமுனை சக்கரத்தைப் பிடிக்கிறது. உள்முனை சேஸிஸில் புஷ் வழியாக உட்காருகிறது. பழைய புஷ் என்பது இரும்புக் குழாய்க்குள் இரும்புக் குழாய், நடுவில் ஒட்ட வைத்த ரப்பர். அந்த ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் குழியில் இறங்கும்போது முறுக்கி, ஏறும்போது விடுகிறது. அரை நூற்றாண்டு முறுக்கி விட்டால் எந்த ரப்பரும் வெடித்துப் பிசிறாகிவிடும். வேகத்தில் பிரேக் பிடித்தால் கீழ் விஷ்போன், அதாவது கீழ்க்கை, பின்னால் இழுபடும், சக்கரத்தின் நேர்கோடு மாறும், ஸ்டியரிங் நடுவில் இருக்கும்போதே வண்டி ஒருபக்கம் போகும். ஓட்டுபவர்கள் இதற்கு ஸ்டியரிங்கைக் குறை சொல்வார்கள். குற்றம் பெரும்பாலும் கட்டைவிரல் அளவு ரப்பருடையது.

பாய் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பாலியூரிதேன் புஷ்கள்: முன்னால் மேல்கை, கீழ்க்கை, பின்னால் ரேடியஸ் ஆர்ம் எனப்படும் நீளக்கை. ஸ்டியரிங் ரேக்கைப் பிடித்திருந்த ரப்பர் கட்டைகள் எண்ணெய் குடித்து ஊறிப்போயிருந்ததால் அவற்றுக்குப் பதில் அலுமினியக் கட்டைகள். பாலியூரிதேன் ரப்பரைவிடக் கெட்டி. முறுக்காமல், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயைச் சுற்றி வழுக்கிச் சுழலும். அதனால் கிரீஸ் தடவித்தான் மாட்ட வேண்டும்; காய்ந்தால் கீச்சிடும். எண்ணெய் பட்டாலும் ஊறாது, வெகுகாலம் உழைக்கும். எல்லா இடத்திலும் இதையே போட்டால் பழைய வண்டி ஸ்போர்ட்ஸ் காராகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. லால்பேட்டை போகிற வழியெல்லாம் எனக்கு அந்த நம்பிக்கை சரிதானா என்பதே யோசனை.

திண்டிவனம் வரை சந்தேகப்பட எதுவும் இல்லை. சாலை அகலம், தார் சமம். வண்டி எழுபதில் கோடு போட்டது போலப் போனது. ஸ்டியரிங்கை விரலால் தொட்டால் மூக்கு அந்தக் கணமே திரும்பியது. அச்சிறுப்பாக்கம் அருகே ஒரு லாரி திடீரென்று வேகத்தைக் குறைக்க, பாய் பிரேக்கை அழுத்தினார்; வண்டி இம்மி கூடச் சாயாமல் நேராக நின்றது. பழைய ரப்பரோடு அதே வண்டியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது இப்படி நின்றதில்லை. முன்பக்கக் கீழ்க்கைக்குக் கெட்டிப் புஷ் போட்டதால் வந்த ஆதாயம் இது. இதை யாரும் மறுக்க முடியாது. புதுச்சேரி நெரிசலையும் கடலூரில் தென்பெண்ணை, கெடிலம் பாலங்களையும் தாண்டிச் சிதம்பரம் சேரும் வரை சொல்லும்படி வேறொன்றும் இல்லை.

சிதம்பரத்திலிருந்து மேற்கே திரும்பிக் குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோவில் போகும் சாலையில்தான் கதை மாறியது. காவிரிக் கடைமடை மண் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். மேலே எவ்வளவு நன்றாகத் தார் போட்டாலும் சில வருடத்தில் சாலை அலை அலையாகிவிடும். நடுநடுவே வாய்க்கால், வாய்க்காலுக்கு ஒரு சிறுபாலம், பாலத்துக்கு முன்னும் பின்னும் மண் அமுங்கி ஒரு மேடு. மேட்டைத் தாண்டி இறங்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு திருப்பமும் இருக்கும், ஏனென்றால் இந்தச் சாலைகள் வயல் வரப்பைப் பார்த்து வளைந்தவை. அப்படி ஒரு பாலத்தில் ஏறி இறங்கியபோது பின்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஓர் அடி விழுந்து முதுகெலும்பு வரை ஏறியது. வண்டியின் பின்பாகம் ஒரு முழம் வெளியே தள்ளிப்போய்த் திரும்பி வந்தது. பாய் வேகத்தைக் குறைத்தார். அடுத்த பாலத்திலும் அதே அடி.

இதற்குக் காரணம் ஹெரால்டின் பின் அமைப்பு. நடுவில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுகியிருக்கிறது. அதிலிருந்து இருபக்கமும் இரண்டு அரை அச்சுகள், உள்முனையில் மட்டும் மடங்கும்படி. குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை. மேட்டைத் தாண்டும்போது வண்டியின் பின்பாகம் எழும்பினால் இரண்டு சக்கரங்களும் தொங்கி, அவற்றின் அடிப்பாகம் உள்ளே மடங்கும். டயர் தன் விளிம்பில் நிற்கும். அந்த நேரம் திருப்பமும் சேர்ந்தால் பிடி போய்விடும். இது ஹெரால்டுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கும் இருந்தது, மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.-லுக்கும் இருந்தது. ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய, அமெரிக்கக் கார் உலகத்தையே உலுக்கிய புத்தகம், ஷெவர்லே கார்வேரின் இதே வகை அச்சைச் சாடித்தான் தொடங்குகிறது. டிரையம்ஃப்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1968-இல் ஜி.டி.6 காருக்குப் பின்னாலும் கீழ்க்கை வைத்தார்கள். 1970-இல் ஸ்பிட்ஃபயருக்கு, பட்டையின் சில இலைகள் நடுவில் ஊசலாடும்படி ஒரு புது ஸ்பிரிங் கொடுத்தார்கள். நம் ஊரில் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கேஸல் இந்த அமைப்பையே கைவிட்டு, சாதாரண முழு அச்சுக்குப் போனது.

ஆனால் அச்சின் குறை எப்போதும் இருந்ததுதான். இந்த வண்டி இதே சாலையில் அத்தா காலத்தில் எத்தனையோ முறை ஓடியிருக்கிறது. அப்போது இல்லாத அந்த 'டக்' இப்போது ஏன் வந்தது? அதற்குப் பதில் லால்பேட்டையில் கிடைத்தது.

லால்பேட்டை வீராணம் ஏரியின் தென்கோடியில் ஒட்டி இருக்கிற ஊர். மன்பஉல் அன்வார் அரபிக் கல்லூரியால் தமிழகம் முழுக்க அறியப்பட்டது. இங்கே ஓதிவிட்டுப் போன ஆலிம்கள் இல்லாத மாவட்டம் அபூர்வம். ஊரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால்கள். அகத்தி மரங்களில் கொடியை ஏற்றி, வரிசை வரிசையாக நிழலுக்குள் வளர்க்கிறார்கள். உள்ளே நுழைந்தால் வெயில் காணாமல் போகும். கொடிக்காலுக்கு இணையாக ஊரைத் தாங்குவது வெளிநாட்டுச் சம்பாத்தியம்: துபாய், சவூதி, சிங்கப்பூர், புருனே. பாயின் தெருவில் பூட்டிய வீடுகளை எண்ணினாலே தெரியும். திரும்பி வந்தவர்களில் ஒருவர் கடைத்தெருப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். வளைகுடாவில் லேண்ட் குரூசர்களின் அடியில் படுத்தே பாதி ஆயுள் கழிந்தவர். பாயின் அத்தாவுக்கு இந்த ஹெரால்டைப் பார்த்துக்கொடுத்தவரும் அவர்தான். ஊரே அவரை 'நானா' என்கிறது. நானும் அப்படியே அழைத்தேன்.

நானா முதலில் முன்பக்கம் போனார். கீழ்க்கைக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியைச் செருகி நெம்பினார். அசையவில்லை. "முன்னாடி நல்லா பண்ணிருக்கீங்க தம்பி, கை வைக்க வேணாம்" என்றார். பிறகு வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றி, பின்னால் நீளக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அதைக் கழற்றச் சொல்லி, மஞ்சள் நிறப் பாலியூரிதேன் புஷ்ஷை விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்தினார். அவர் கேட்ட கேள்விதான் எனக்கு இந்தப் பயணத்தின் பெரிய லாபம்.

"இந்தக் கை எத்தன பக்கம் ஆடணும்?"

பாய் யோசித்தார். "மேலயும் கீழயும், நானா."

"அது மட்டுமா? சக்கரம் மேல போறப்ப நேராவா போவுது? வளைஞ்சுல்ல போவுது. அப்ப இந்தக் கையோட வால் பக்கவாட்டுலயும் போவணும். நீங்க கல்லு மாதிரி ஒண்ண வச்சுப் பூட்டிட்டீங்க. அது எங்க போவும்? சேஸிஸத்தான் அடிக்கும்."

உண்மைதான். முன்பக்க விஷ்போனின் உள்முனை ஒரே அச்சில் கதவுக் கீல் போலச் சுழல்கிறது. அங்கே கெட்டிப் புஷ்ஷுக்கு எந்தத் தடையும் இல்லை, நன்மை மட்டுமே. பின்பக்க நீளக்கை அப்படி அல்ல. அரை அச்சு உள்முனையில் மடங்கி மேலெழும்போது சக்கரம் ஒரு வில் போட்டுக்கொண்டு போகிறது. அந்த வில்லைத் தொடர நீளக்கை பக்கவாட்டிலும் சாய வேண்டும். பழைய ரப்பர் அந்தச் சாய்வை விழுங்கிக்கொண்டது. பாலியூரிதேன் விழுங்கவில்லை, சக்கரம் பாதியில் தடைபட்டு, பிறகு சட்டென்று விடுபட்டது. அந்த 'டக்' அதுதான். இதே கெட்டித்தனம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் செல்லும். அங்கே தார் சமமாக இருக்கும், சக்கரம் சில அங்குலங்களுக்கு மேல் எழுந்து இறங்காது. அதனால் அங்கே ஓடும் கார்களில் ரப்பரே இல்லாமல் உருண்டை மூட்டுகளை மாட்டிவிட முடியும். குமராட்சிப் பாலத்தில் சக்கரம் முழு நீளமும் இறங்கி ஏறுகிறது. பந்தயக் காரில் இருப்பதெல்லாம் சாலைக் காருக்கு மேம்பாடு என்று எண்ணுகிறவர்கள், எந்தச் சாலை என்பதை முதலில் கேட்க வேண்டும். இரண்டு திசையில் ஆட வேண்டிய மூட்டில் ரப்பரை வைப்பது சிக்கனத்துக்காக அல்ல. அந்த இடத்துக்கு அதைவிடச் சிறந்த பொருள் இல்லை.

பாய் பெட்டியில் புது ரப்பர் புஷ்களையும் கொண்டுவந்திருந்தார். நானா பட்டறையிலேயே வேலை தொடங்கியது. சாக்கெட் ஒன்றைத் தாங்கலாக வைத்து, பெஞ்ச் வைஸில் நெருக்கி, சோப்புத் தண்ணீர் தடவிப் புஷ்ஷை உள்ளே ஏற்றினார்கள். நீளக்கையை மாட்டி போல்ட்டைச் செருகியதும் உதவிக்கு நின்ற பையன் ஸ்பேனரைப் போட்டு இறுக்கப் போனான். நானா கையைத் தட்டிவிட்டார். "எறக்கு கீழ, அப்பறம் முடுக்கு." ரப்பர் முறுக்கிக்கொள்ளும் பொருள் என்பதால் இது மிக முக்கியம். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்தத் தொங்கும் நிலையைத்தான் தன் இயல்பு நிலை என்று பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் நிற்கும்போதே முறுக்கோடு நிற்கும், சில மாதத்தில் கிழியும். நாட்டில் அற்ப ஆயுளில் போகும் புஷ்களில் ஒரு பெரும் பங்கு இந்த ஒரு தவறால் போகிறது என்பது என் கணிப்பு. வண்டியைப் பள்ளத்தின் மேல் தரையில் நிறுத்தினார்கள். நானா தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே ஏற்றினார். பின் இருக்கையில் ஒருவர் மடியில் ஒருவராக அவர்கள் நிறைந்து உட்கார்ந்த பிறகு, பள்ளத்தில் இறங்கித் தானே போல்ட்டை முடுக்கினார்.

இன்னொன்றும் செய்தார். முன்பக்கச் செங்குத்து இணைப்பின் அடியில், பித்தளை நிறத்தில் டிரனியன் என்று ஒரு பாகம் உண்டு. ஸ்டியரிங் திரும்பும்போது செங்குத்து இணைப்பின் மரை இந்த உலோகத்துக்குள் சுழல்கிறது. இதற்குக் கிரீஸ் கூடாது, கியர் எண்ணெய்தான் வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே நின்று காய்ந்துவிடும், உள்ளே தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும், ஒருநாள் இரும்பு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர், எலான் மூன்றுக்கும் பொதுவான ஆபத்து இது. முன்பு வண்டி போயிருந்த ஏதோ ஒரு பட்டறையில், எல்லா நிப்பிளுக்கும் அடிப்பது போல இதற்கும் கிரீஸ் அடித்துவிட்டிருந்தார்கள். நானா நிப்பிளைக் கழற்றி, கெட்டிப்போன பழுப்புக் கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்து வழித்தார். பிறகு தொண்ணூறு நம்பர் எண்ணெயைத் துப்பாக்கியில் நிரப்பி, ரப்பர் வளையத்தின் ஓரமாகச் சுத்தமான எண்ணெய் கசியும் வரை அடித்தார். ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பச் சொன்னார். அதுவரை நிறுத்திய வண்டியில் கை வலிக்கத் திருப்ப வேண்டியிருந்த ஸ்டியரிங் தளர்ந்து வழுக்கியது. எத்தனை விலை உயர்ந்த புஷ் போட்டாலும் இந்த அரைக் கரண்டி எண்ணெய் இல்லாமல் அந்த முன்பக்கம் பத்திரமில்லை.

ஸ்டியரிங் ரேக்கின் அலுமினியக் கட்டைகளைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம். மாற்றிவிடச் சொன்னார் நானா. கையில் சாலை அப்படியே தெரிகிறது என்று பாய் மறுத்தார். பாய் பக்கம்தான் நான். ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் சுகம் பாதி அந்த உணர்ச்சியில்தான் இருக்கிறது. கொஞ்சம் அதிர்வைத் தாங்கிக்கொள்ளலாம். கட்டைகள் அப்படியே இருந்தன.

மறுநாள் காலை ஏரிக்கரைச் சாலையில் வடக்கே போனோம். லால்பேட்டையில் உபரி நீரை வெள்ளியங்கால் ஓடைக்கு விடும் மதகைத் தாண்டினால் இடதுபக்கம் முழுக்க வீராணம். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டி, வீரநாராயணன் ஏரி என்று பெயர் பெற்றது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றில் வரும் தண்ணீர் இதை நிரப்புகிறது. முழு மட்டம் 47.5 அடி. 2004-லிருந்து சென்னை இந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. அதற்கு முன் ஒரு திட்டம் அறுபதுகளின் கடைசியில் தொடங்கி நின்றுபோய், ராட்சதக் குழாய்கள் வருடக்கணக்காகச் சாலையோரம் கிடந்தன. அத்தா இந்த வண்டியில் சென்னைக்கு ஓட்டிப் போன நாட்களில் அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டேதான் போவார்களாம்.

கரைச் சாலை குறுகல். வலதுபக்கம் சரிவில் வயல். எதிரே பேருந்து வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மதகு வரும் இடமெல்லாம் சாலை சற்று எழும்பி வளைகிறது, அதாவது முந்தைய நாள் எங்களை உலுக்கிய அதே மேடும் திருப்பமும். முதல் மதகில் பாய் வேகத்தைக் குறைக்காமல் ஏற்றினார். பின்பாகம் எழுந்தது, இறங்கியது, சத்தம் இல்லை. சக்கரம் தடையில்லாமல் கீழே போய்த் தரையைத் தேடிப் பிடித்தது தெரிந்தது. இரண்டாவது மதகில் இன்னும் கொஞ்சம் வேகம். பின்பக்கம் லேசாக இளகியது, ஆனால் படிப்படியாக, கையைத் திருப்பிச் சரிசெய்ய நேரம் கொடுத்து. ஊசலாடும் அச்சின் இயல்பு அது. புஷ் மாற்றி அதைத் தீர்க்க முடியாது. தீர்க்க வேண்டுமானால் 1970-இல் ஸ்பிட்ஃபயருக்குக் கொடுத்த அந்த ஊசல் ஸ்பிரிங்கைத்தான் வரவழைக்க வேண்டும், கூடவே முன்னால் தடித்த ஆன்ட்டி-ரோல் கம்பியும். கேஸலின் முழு அச்சைப் பொருத்திவிடலாமே என்று பாயிடம் சிலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு சக்கரமும் தனித்தனியாக இயங்கும் வண்டிகள் இந்தியச் சாலையில் மிக அரிதாக இருந்த காலத்தில் வண்டலூரில் அப்படி ஒன்றைச் செய்தார்கள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் மிஞ்சுவது ஹெரால்டின் மேலுடல் மட்டும்தான்.

கந்தகுமாரன் தாண்டி ஓரிடத்தில் தண்ணீர் கரையோரம் வரை நிறைந்திருந்தது. படம் எடுக்க வேண்டும் என்று பாய் வண்டியைத் திருப்ப நினைத்தார். வேறு வண்டியாக இருந்தால் அந்தக் கரையில் முன்னும் பின்னும் பலமுறை நகர்த்தித்தான் திருப்ப முடியும். ஹெரால்டின் திரும்பும் வட்டம் இருபத்தைந்து அடி. லண்டன் டாக்ஸிக்கு இணை. கரையின் அகலம் அதற்குக்கூடப் போதவில்லை, ஆனால் ஒரே ஒரு முறை பின்வாங்கியதும் திரும்பிவிட்டது. எண்ணெய் குடித்த டிரனியனின் உதவி அதில் உண்டு.

சேத்தியாத்தோப்பில் டீக்கடை ஓரமாக நிறுத்தி, பின்பக்க போல்ட்களை இன்னொரு முறை முடுக்கினோம். புது ரப்பர் ஓடி அமர்ந்த பிறகு இதைச் செய்யாமல் நெடுஞ்சாலை ஏறக் கூடாது. இடதுபக்க முன் டயரின் உள்ளோரம் வலதைவிடச் சற்று அதிகம் தேய்ந்திருப்பதைப் பாய் தடவிக் காட்டினார். கீழ்க்கையின் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கேம்பர் சரிசெய்யும் மெல்லிய தகடுகள் உண்டு. இடதுபக்கம் ஒன்றைக் கழற்றினால் கணக்கு சரியாகிவிடும். அதைச் சென்னையில் அலைன்மென்ட் மேடையில் வைத்துச் செய்வது என்று முடிவாயிற்று. ஊசல் ஸ்பிரிங்குக்கு அன்றிரவே இங்கிலாந்துக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டு, பாய் வண்டியை வடலூர்ச் சாலையில் ஏற்றினார்.